திருகுத்தண்டு நழுவினால்: இறுக்குவதற்கு முன் ஒரு கோடு

கணினி சொல்லும் வழியில் மரத்தைச் செதுக்கும் சிறிய சிஎன்சி ரவுட்டர் ஒன்று ஒழுங்காக ஓடுகிறதா என்று அறிய நான் வெட்டிப் பார்ப்பது ஒரே ஓர் எழுத்தைத்தான்: 'ழ'. அதில் நேர்கோடு இருக்கிறது, வளைவு இருக்கிறது, கீழே சுழித்துக்கொண்டு போகும் வால் இருக்கிறது. வெட்டி முடிப்பதற்குள் இயந்திரத்தின் இரண்டு அச்சுகளும் பல தடவை முன்னும் பின்னும் திரும்ப வேண்டும். நேர்கோட்டுச் சட்டங்களிலும் பெட்டிகளிலும் ஒளிந்துகொள்ளும் குறை தமிழ் எழுத்தின் வளைவில் உடனே பல்லை இளிக்கும்.

சென்ற சோளகக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டுக்கு 'எழிலகம்' என்று ஒரு பெயர்ப்பலகை கேட்டார். 'எ' அழகாக வந்தது. 'ழி' சற்றே வலப்பக்கம் தள்ளி நின்றது. 'ல' இன்னும் தள்ளியது. 'ம்' பலகையின் ஓரத்தைத் தின்றுவிட்டது. நல்ல வேப்பம் பலகை வீண். கண்ணில் பட்ட திருகாணிகளையெல்லாம் இறுக்கினேன். இரண்டாவது பலகையும் வீண். பிறகு கணினியில் அளவுக்கான செற்றிங்கை மாற்றினேன். மூன்றாவது பலகையில் பழைய பிழையோடு புதிய பிழையும் சேர்ந்துகொண்டது. அவற்றில் இரண்டு பலகைகள் இப்போது கோழிக்கூட்டுக் கதவாக இருக்கின்றன.

அந்த வாரம்தான் என் சைக்கிளின் பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று தட்டத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்குக் கொண்டுபோய், "அண்ணை, சங்கிலி தளர்ந்துவிட்டது போலிருக்கிறது, இறுக்கிவிடுங்கள்" என்றேன். அவர் சங்கிலியைத் தொடவே இல்லை. பெடல் தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார். "தம்பி, கொட்டர்பின் தேய்ந்திருக்கிறது. சங்கிலியை எவ்வளவு இறுக்கினாலும் இந்தச் சத்தம் போகாது" என்று சொல்லிவிட்டு, பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் அந்தப் பின்னைத் தட்டி எடுத்து என் கையில் வைத்தார். அதன் தட்டையான முகத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வீட்டுக்கு வந்து, ரவுட்டரின் மோட்டாரையும் திருகுத்தண்டையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றினேன். திருகுத்தண்டின் மேல் அதே மாதிரியான வடு.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் மூன்று பலகையை வீணாக்காமல் அந்த வடுவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எது எதோடு பிணைந்திருக்கிறது

ஒவ்வோர் அச்சிலும் அடியடியாகச் சுற்றும் ஒரு ஸ்ரெப்பர் மோட்டார் இருக்கும். மோட்டாரின் தண்டைத் திருகுத்தண்டோடு இணைக்கும் சிறிய உருளைதான் கப்ளிங். திருகுத்தண்டைக் கடைகளில் 'லீட் ஸ்குரூ' என்று கேட்க வேண்டும். தண்டு சுற்றும்போது, அதில் கோத்திருக்கும் நட்டு தான் சுற்ற வழியில்லாமல் முன்னோ பின்னோ நகரும். வெட்டும் பகுதியைச் சுமக்கும் வண்டியோடு நட்டு பூட்டப்பட்டிருப்பதால் வண்டியும் நகரும். தச்சுப் பட்டறையில் வைஸின் கைபிடியைச் சுற்றினால் தாடை நகர்வதும் இதே வேலைதான்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்கு ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாது. கட்டுப்பாட்டுப் பலகை 'இத்தனை அடி எடுத்து வை' என்று மோட்டாருக்குச் சொல்லிவிட்டு, அது நடந்துவிட்டதாக நம்பிக்கொள்ளும். நடுவில் எது நழுவினாலும் திரையில் காட்டும் எண் சரியாகவே இருக்கும். ஆகவே திரையைப் பார்த்து இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாது.

சிறிய இயந்திரங்களில் திருகுத்தண்டு பெரும்பாலும் 8 மில்லிமீற்றர் தடிப்பு. 'டி8' என்று குறிப்பிட்டிருப்பார்கள். அதைச் சுற்றும் நேமா 17 வகை மோட்டாரின் தண்டு 5 மில்லிமீற்றர். சற்றுப் பெரிய நேமா 23 மோட்டார் என்றால் 6.35 அல்லது 8 மில்லிமீற்றர். இந்த 6.35 பலரை ஏமாற்றும். அது கால் அங்குலம். அதற்கு 6 மில்லிமீற்றர்த் துளையுள்ள கப்ளிங் ஏறாது, 6.5 மில்லிமீற்றர்த் துளை ஏறும், ஆனால் பிடிக்காது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு நுண்மானித் திருகுக் கணிச்சியும் புரியிடைத் தூரமும் நினைவிருக்கும். அந்தக் கணிச்சியில் ஒரு சுற்றுக்கு ஒரு புரியிடைத் தூரம் நகரும். இங்கே கொஞ்சம் வேறு. டி8 தண்டில் அடுத்தடுத்த புரிகளுக்கு இடையே 2 மில்லிமீற்றர்தான். ஆனால் ஒன்று, இரண்டு, அல்லது நான்கு புரிகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். தண்டின் முனையைப் பார்த்தால் எத்தனை புரிகள் தொடங்குகின்றன என்று எண்ணிவிடலாம். நான்கு என்றால் ஒரு சுற்றுக்கு வண்டி 8 மில்லிமீற்றர் நகரும். இரண்டு என்றால் 4. ஒன்று என்றால் 2. நட்டு மாற்றப் போகிறவர்கள் இதை எண்ணாமல் கடைக்குப் போகக் கூடாது. மூன்று வகையும் 'டி8' என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன. ஒன்றின் நட்டு மற்றதில் ஏறாது.

இறுக்காதீர்கள், கோடு போடுங்கள்

குறை தெரிந்ததும் கை தானாக அலன் கீ எனப்படும் அறுகோணச் சாவியைத் தேடும். தேட விடாதீர்கள். எல்லாவற்றையும் இறுக்கினால் குறை இரண்டு நாளைக்கு மறையும், எது நழுவியது என்ற தடயமும் மறையும். மூன்றாம் நாள் குறை மட்டும் திரும்பி வரும்.

மின்சாரத்தை நிறுத்துங்கள். சுவரில் உள்ள செருகியையே கழற்றிவிடுவது நல்லது. மோட்டாருக்குப் போவது 24 வோல்ட் ஆனாலும், மின்வழங்கிப் பெட்டிக்குள் 230 வோல்ட் நிற்கிறது. வெட்டும் பிட்டைக் கழற்றி எடுங்கள். இன்னொன்று: இயந்திரம் மின்சாரத்தில் இருக்கும்போது மோட்டார் வயரை ஒருபோதும் பிடுங்கக் கூடாது. மோட்டாரை இயக்கும் டிரைவர் சில்லு எரிந்துபோகும். நான் ஒன்றை எரித்திருக்கிறேன். புகை வரவில்லை, வாசனை மட்டும் வந்தது.

இப்போது மெல்லிய முனையுள்ள மார்க்கர் ஒன்றை எடுத்து, மோட்டார் தண்டில் தொடங்கி, கப்ளிங் வழியாக, திருகுத்தண்டு வரை ஒரே நேர்கோடு இழுங்கள். கப்ளிங் கறுப்பாக இருந்தால் வெள்ளை நகப்பூச்சு நன்றாகத் தெரியும். நட்டின் விளிம்பிலிருந்து அது பூட்டப்பட்ட தகடு வரை இன்னொரு கோடு. திருகுத்தண்டைத் தாங்கும் பெயாரிங்கின் உள்வளையத்திலிருந்து தண்டு வரை மூன்றாவது கோடு. எல்லா அச்சுகளுக்கும் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கோடு காய்ந்ததும் மின்சாரத்தைக் கொடுத்து, கட்டுப்பாட்டு மென்பொருள் ஜிஆர்பிஎல் ஆக இருந்தால் $1 என்ற செற்றிங்கை 255 ஆக மாற்றுங்கள். வழக்கமாக அது 25 ஆக இருக்கும். அசைவு நின்று 25 மில்லிசெக்கனில் மோட்டாரின் பிடி விடுபட்டுவிடும். 255 என்றால் மோட்டார் பிடித்தபடியே நிற்கும். மாற்றிய பின் ஓர் அச்சை ஒரு மில்லிமீற்றர் நகர்த்தினால் மோட்டார் பிடித்துக்கொள்ளும். இனி திருகுத்தண்டின் மறுமுனையை விரல்களால் பிடித்து, அளவான பலத்தோடு இரு பக்கமும் முறுக்கிப் பாருங்கள். மோட்டார் அசையாமல் தண்டு மட்டும் அசைந்தால் வேறு பரிசோதனை தேவையில்லை. குற்றவாளி கப்ளிங்தான்.

அசையவில்லையென்றால், அச்சை 50 மில்லிமீற்றர் போய் வரச் செய்யுங்கள், 20 தடவை. முதலில் வெறும் காற்றில். பிறகு ஒரு கழிவு மரத்துண்டில் வழக்கமான வேகத்தில் வெட்டி. முடிந்ததும் கோடுகளைப் பாருங்கள்.

கோடு என்ன சொல்கிறது

மோட்டார் தண்டுக்கும் கப்ளிங்குக்கும் இடையில் கோடு உடைந்திருந்தால் மோட்டார்ப் பக்கப் பிடி நழுவுகிறது. கப்ளிங்குக்கும் திருகுத்தண்டுக்கும் இடையில் உடைந்திருந்தால் அந்தப் பக்கம். பத்துக்கு எட்டுத் தடவை இரண்டாவதுதான் என்பது என் பட்டறை அனுபவம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உடைந்த கோட்டை அளந்தும் பார்க்கலாம். 8 மில்லிமீற்றர்த் தண்டின் சுற்றளவு 25.1 மில்லிமீற்றர். கோட்டின் இரு துண்டுகளும் தண்டின் மேல் 1 மில்லிமீற்றர் விலகியிருந்தால், சுற்றுக்கு 8 மில்லிமீற்றர் நகரும் தண்டில் அது பலகையில் 0.32 மில்லிமீற்றர்ப் பிழை. சுற்றுக்கு 4 என்றால் 0.16. என்னுடையது 4 மில்லிமீற்றர்த் தண்டு. பரிசோதனை வெட்டுக்குப் பிறகு துண்டுகள் 5 மில்லிமீற்றர் விலகியிருந்தன. அதாவது 0.8 மில்லிமீற்றர். 'எ'வுக்கும் 'ழி'க்கும் இடையில் வந்த பிழையும் ஏறக்குறைய அதே அளவு. இப்படிக் கணக்கு ஒத்துப்போனால் வேறு இடத்தில் தேட வேண்டாம். கோட்டில் விலகல் 0.2 தான், பலகையில் பிழை 2 மில்லிமீற்றர் என்றால் இன்னொரு குறையும் உள்ளே ஒளிந்திருக்கிறது.

கோடு எங்கும் உடையாமல் பலகையில் மட்டும் பிழை இருந்தால் அது நழுவல் அல்ல. அப்போது பிழையின் வடிவத்தைப் பாருங்கள். ஒரு கட்டம் வரை எல்லாம் சரியாக வந்து, பிறகு முழு வேலையும் படிக்கட்டுப் போலத் தள்ளி நின்றால் மோட்டார் அடி தவறியிருக்கிறது. வட்டம் வட்டமாக இல்லாமல், திசை திரும்பும் நான்கு இடங்களிலும் தட்டையாகவோ சிறு படியோடோ இருந்தால் நட்டில் ஆட்டம் இருக்கிறது. இதைத்தான் பேக்லாஷ் என்கிறார்கள். 100 மில்லிமீற்றர் கேட்டால் 98, 50 கேட்டால் 49 என்று எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்தால் மட்டும் செற்றிங்கில் கை வையுங்கள். நான் மூன்றாவது பலகையில் செய்தது, கொட்டர்பின் தேய்ந்ததற்குச் சங்கிலியை இறுக்கிய வேலை.

கப்ளிங்கைச் சரிசெய்தல்

மலிவான கப்ளிங்குகள் தண்டைப் பிடிப்பது கிரப் ஸ்குரூ எனப்படும் தலையில்லாத குட்டித் திருகாணிகளால். மோட்டார் தண்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். திருகாணி அந்தத் தட்டையில் உட்கார்ந்தால் நழுவ வழியில்லை. திருகுத்தண்டிலோ தட்டை கிடையாது. திருகாணி இரண்டு புரிகளின் முகட்டில் நுனியை ஊன்றிக்கொண்டு நிற்கிறது. மரத்தில் பிட் இழுபடும் ஒவ்வொரு தடவையும் முகடு கொஞ்சம் நசுங்கும், திருகாணி கொஞ்சம் தளரும். அதனால்தான் அந்தப் பக்கம் முதலில் விடுகிறது.

கழற்றுவதற்கு முன் அலன் கீயைப் பாருங்கள். எம்3 கிரப் ஸ்குரூவுக்கு 1.5 மில்லிமீற்றர், எம்4-க்கு 2, எம்5-க்கு 2.5. இயந்திரத்தோடு பெட்டியில் வந்த சாவியின் முனை உருண்டிருந்தால் அதை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள். உருண்ட சாவி திருகாணியின் துளையையும் உருட்டிவிடும். பிறகு அதைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். மாற்றுத் திருகாணிகளை ஸ்ரான்லி வீதிப் பக்கத்து வன்பொருட் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அங்கே அகப்படாத குட்டி அளவுகளைத் தையல் மிஷின் திருத்துபவரிடம் கேளுங்கள்; அவருடைய தகர டப்பாவுக்குள் இல்லாத திருகாணி குறைவு.

கப்ளிங்கைக் கழற்றியதும் இரண்டு தண்டுகளையும் துளைகளையும் அசெற்றோனால் துடையுங்கள். நகப்பூச்சு நீக்கியும் போதும், எண்ணெய் சேர்த்த வகை வேண்டாம். துளையில் எண்ணெய் இருந்தால் எந்தப் பிடியும் நிற்காது. கப்ளிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுருள் வெட்டுள்ள அலுமினிய வகையில் அந்த வெட்டின் நுனியில் மயிரிழை வெடிப்பு வரும். நடுவில் நட்சத்திர ரப்பர் வைத்த வகையில் அந்த ரப்பர் நசுங்கியிருக்கும். இரண்டும் மாற்ற வேண்டியவை, ஒட்ட வேண்டியவை அல்ல.

இனி முக்கியமான வேலை. திருகுத்தண்டின் முனையில், கப்ளிங்குக்குள் போகும் பகுதியில், கிரப் ஸ்குரூ அமரும் இடத்தைக் குறித்துக்கொண்டு தட்டை அரத்தால் ஒரு தட்டை சீவுங்கள். ஆழம் 0.5 மில்லிமீற்றர் போதும். நீளம் 8 முதல் 10 மில்லிமீற்றர். தண்டைக் கழற்றி வைஸில் பிடித்துச் செய்வது நல்லது. தாடைக்கும் தண்டுக்கும் இடையில் இரண்டு மரத்துண்டுகளை வையுங்கள், இல்லாவிட்டால் புரி நசுங்கும். கழற்றாமலே சீவுகிறவர்கள் பெயாரிங்கையும் நட்டையும் ஈரத் துணியால் மூட வேண்டும். இரும்புத் தூள் ஒரு சிட்டிகை உள்ளே போனால் இந்தக் குறை தீர்ந்து அடுத்த குறை தொடங்கும். சீவிய விளிம்பில் பிசிறு இல்லாமல் தேய்த்துவிடுங்கள். சைக்கிளின் பெடல் அச்சிலும் கொட்டர்பின்னுக்காக இப்படி ஒரு தட்டை வெட்டியிருப்பார்கள். அதே தத்துவம்தான்.

பூட்டும்போது இரண்டு தண்டுகளும் கப்ளிங்குக்குள் ஒன்றையொன்று தொடக் கூடாது. 1 அல்லது 2 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். இரு பக்கமும் ஏறக்குறையச் சம ஆழம் போயிருக்க வேண்டும். தட்டையின் மேல் அமரும் திருகாணியை முதலில் இறுக்குங்கள், பக்கத்துத் திருகாணியை அடுத்து. இறுக்குவதற்கு முன் புரியில் நடுத்தர வலிமையுள்ள பூட்டுப் பசை ஒரு துளி விடுங்கள். லொக்டைட் 243 போன்ற நீல நிற வகை சரி. சிவப்பு வேண்டாம், அதைப் பிறகு சூடாக்கித்தான் கழற்ற முடியும். பசை பிளாஸ்ரிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுப் பிடிப்புக்கு 24 மணி நேரம் தேவை. அவசரக்காரர்களுக்கு இதுதான் கடினமான படி. பசை கிடைக்காத நாளில் நகப்பூச்சு ஓரளவு உதவும்.

மோட்டாரின் நடுவும் தண்டின் நடுவும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கப்ளிங் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும், திருகாணி மறுபடி தளரும். அதைத் தவிர்க்க ஒரு வழி: மோட்டாரைத் தகட்டோடு பிடிக்கும் நான்கு திருகாணிகளையும் தளர்த்தி, வண்டியை மோட்டார்ப் பக்கம் கொண்டுவந்து, கப்ளிங்கை இறுக்கி, தண்டை விரலால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றுங்கள். மோட்டார் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதன் பிறகு நான்கையும் மூலைக்கு மூலை மாற்றி இறுக்குங்கள்.

இன்னொரு கப்ளிங் வாங்கத்தான் வேண்டும் என்றால், தண்டைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் வகையை வாங்குங்கள். பக்கத்தில் பிளவும் அதை இறுக்கும் திருகாணியும் இருக்கும். தண்டை வடுப்படுத்தாது, முழுச் சுற்றிலும் பிடிக்கும். ஆனால் துளை அளவு சரியாக இருக்க வேண்டும். தளர்வான துளைக்குக் குளிர்பானத் தகர டின்னைக் கீறிச் சுற்றிவைக்கும் வித்தை ஊரெல்லாம் உண்டு. அந்தத் தகடு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், நடுவை விலக்கிவிடும். புதியது வந்து சேரும்வரை மட்டும் வைத்திருங்கள்.

இசட் அச்சு பற்றித் தனியாக

மேலும் கீழும் போகும் இசட் அச்சில் நழுவல் வந்தால் விளைவு வேறு. ரவுட்டர் மோட்டாரின் எடை முழுவதும் கீழே இழுக்கிறது. ஆகவே ஒவ்வொரு நழுவலும் கீழ்நோக்கியே போகும். வெட்டு வரவர ஆழமாகும், கடைசியில் பிட் அடிப்பலகைக்குள் இறங்கும். சில இயந்திரங்களில் அந்த எடை கப்ளிங்கிலேயே தொங்குகிறது. அது தவறான அமைப்பு. எடையைத் தாங்க வேண்டியது பெயாரிங். கப்ளிங்கின் வேலை சுற்றைக் கடத்துவது மட்டும். பெயாரிங்குக்கு மேலே தண்டில் ஒரு பூட்டு வளையம் போட்டு, எடை அதன் மேல் அமரச் செய்யுங்கள். சுருள் வெட்டுக் கப்ளிங் இசட்டில் இருந்தால், அது வில்லுப்போல நீண்டு சுருங்கும் என்பதால் இது இன்னும் அவசியம்.

நட்டும் பெயாரிங்கும்

பேக்லாஷை அளக்க டயல் கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பிட் இருக்கும் இடத்தில் கூர்மையான பென்சிலைப் பூட்டி, வண்டியை இடமிருந்து கொண்டுவந்து ஒரு சிறு கோடு, அதே இலக்கத்துக்கு வலமிருந்து கொண்டுவந்து இன்னொரு சிறு கோடு போடுங்கள். இரண்டுக்கும் இடையில் வேணியர் இடுக்கிமானியை வையுங்கள். அதுதான் உங்கள் ஆட்டம்.

முதலில் நட்டைத் தகட்டோடு பூட்டும் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று இரண்டாவது கோட்டைப் பாருங்கள். அவை இறுக்கமாக இருந்தும் ஆட்டம் இருந்தால் நட்டு தேய்ந்திருக்கிறது. பித்தளை நட்டு மெதுவாகத்தான் தேயும். மரத்தூளும் கிரீஸும் கலந்த பசை சேர்ந்தால் உப்புத்தாள் போட்டது போல விரைவாகத் தேயும். நடுவில் வில் வைத்து இரண்டு பாதியாக வரும் நட்டு ஆட்டத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், அதற்கு மாறிவிடுங்கள். அது வரும்வரை மென்பொருளில் ஈடுகட்டலாமே என்பார்கள். எல்லாக் கட்டுப்பாட்டுப் பலகைகளிலும் அந்த வசதி கிடையாது. இருந்தாலும் தேய்ந்த நட்டுக்குள் வண்டி வெட்டும்போது அங்குமிங்கும் ஆடுவதை எண்ணால் நிறுத்த முடியாது.

பெயாரிங் சுருக்கமாக: வண்டியைக் கையால் அச்சின் வழியே தள்ளி இழுத்துப் பாருங்கள். திருகுத்தண்டும் கப்ளிங்கும் சேர்ந்து முன்பின் அசைந்தால் பெயாரிங்கின் உள்வளையத்துத் திருகாணியோ பூட்டு வளையமோ தளர்ந்திருக்கிறது. இறுக்குங்கள், பசை விடுங்கள்.

அடி தவறுதல்

கோடு உடையாமல் வேலை படிக்கட்டாகத் தள்ளினால் மோட்டாருக்குச் சொன்ன வேலையைச் செய்ய அதனால் முடியவில்லை. முடியாததற்கு முதற் காரணம் பெரும்பாலும் இறுக்கம். மின்சாரத்தை நிறுத்தி, கப்ளிங்கை விரலால் மெதுவாகச் சுற்றி வண்டியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொண்டுபோங்கள். விரைவாகச் சுற்ற வேண்டாம். சுற்றும் மோட்டார் மின்னாக்கியாகி டிரைவருக்கு மின்சாரம் அனுப்பும். ஓர் இடத்தில் மட்டும் கனத்தால் தண்டு வளைந்திருக்கலாம். தட்டையான கண்ணாடி மேல் உருட்டினால் தெரியும். இரு முனைகளிலும் கனத்து நடுவில் இலகுவாக இருந்தால் நட்டு நேர்கோட்டில் பூட்டப்படவில்லை: நட்டின் திருகாணிகளைத் தளர்த்தி, வண்டியை முனைக்குக் கொண்டுபோய் அங்கே வைத்து இறுக்குங்கள்.

இறுக்கம் இல்லையென்றால் வேகம். ஜிஆர்பிஎல்லில் $110 முதல் $112 வரை உச்ச வேகம், $120 முதல் $122 வரை முடுக்கம். இரண்டையும் பாதியாக்கிப் பாருங்கள். குறை போய்விட்டால் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். $100 முதல் $102 வரை உள்ளவை அளவுக்கானவை. அவற்றுக்குக் கணக்கு மட்டுமே பேச வேண்டும். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 அடி, டிரைவர் ஒவ்வோர் அடியையும் 16 ஆகப் பிரித்தால் 3200, தண்டு சுற்றுக்கு 4 மில்லிமீற்றர் நகர்ந்தால் 800. சுற்றுக்கு 8 என்றால் 400. உங்கள் இயந்திரத்தில் இருக்கும் எண் இந்தக் கணக்கோடு ஒத்துப்போனால் அதைத் தொடாதீர்கள்.

டிரைவரின் சூட்டையும் மறக்கக் கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரைப் பட்டறைக்குள் கட்டுப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தால் சில்லு சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஆறியதும் மறுபடி ஓடும். காலையில் சரியாக ஓடி மத்தியானம் தவறும் இயந்திரம் என்றால் ஒரு சிறிய விசிறி வைத்துப் பாருங்கள்.

மரமும் காரணமாகலாம். பனையின் வைரத்தில் கறுப்பு நாரும் மென்மையான பகுதியும் மாறிமாறி வரும். பிட் நாரில் மோதும் ஒவ்வொரு தடவையும் ஒரு குத்து கப்ளிங் வரை போய்ச் சேரும். 3 மில்லிமீற்றர்ப் பிட் என்றால் ஒரு தடவைக்கு 0.5 மில்லிமீற்றர் ஆழத்தில் தொடங்குங்கள். கப்ளிங்கைச் சரிசெய்த அன்றே பனஞ்சலாகையில் பரிசோதிக்க வேண்டாம்.

எண்ணெய், துரு

குருநகர், நாவாந்துறைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்று திருகுத்தண்டில் துருவாகத் தெரியும். வாரம் ஒரு தடவை பழைய பல்துலக்கியால் புரிகளைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவித் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். தடித்த கிரீஸ் வேண்டாம். மரத்தூளைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியலில் ஓட்டிப் பார்த்தால் வண்டி ஏன் திணறுகிறது என்று தெரியும். எண்ணெய் எதுவானாலும் கப்ளிங்கின் பக்கம் போகாமல் இரண்டு அங்குலம் தள்ளியே நிறுத்துங்கள்.

மறுபடி ஓட்டும்போது

பசை காய்ந்த பிறகு பழைய கோடுகளைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். 50 மில்லிமீற்றர்ப் போக்குவரவு 20 தடவை. கோடு அசையவில்லையென்றால் பென்சிலால் காகிதத்தில் ஒரு வட்டம். தொடங்கிய இடத்திலேயே முடிகிறதா என்று பாருங்கள். பிறகு மென்மையான மரத்தில் 40 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு 'ழ', அதே இடத்தில் அதே கோப்பை இன்னும் ஒரு தடவை. இரண்டாவது ஓட்டத்தில் பிட் புதிதாக எதையும் சீவாமல் பழைய பள்ளத்திலேயே சத்தமின்றிப் போய்வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மெல்லிய சீவல் பறந்தால், எந்த அச்சு திரும்பும்போது பறந்தது என்று கவனித்து அந்த அச்சின் நட்டுக்குத் திரும்பிப் போங்கள்.

முதல் வாரம் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் கோட்டைப் பாருங்கள். புதிதாக இறுக்கிய கிரப் ஸ்குரூ அந்த வாரத்தில்தான் தளர்ந்துகொடுக்கும். அதன் பிறகு மாதம் ஒரு தடவை போதும். எம்3, எம்4 திருகாணிகள் நான்கு நான்கும் சரியான அலன் கீயும் ஒரு வெற்று நெருப்புப் பெட்டிக்குள் போட்டு இயந்திரத்தின் காலடியிலேயே வைத்திருக்கிறேன்.